கார் இல்லாமலும் வாழ முடிகிற நகரம்

கார் வைத்திருப்பது வேறு, கார் இல்லாவிட்டால் கை ஒடிந்தமாதிரி ஆகிவிடுவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நகரப் போக்குவரத்து பற்றிய பேச்சு பாதி நேரம் சண்டையில் முடிகிறது. ஜப்பானிலும் சுவிட்சர்லாந்திலும் நெதர்லாந்திலும் கார்கள் ஏராளம். ஆனாலும் அங்குள்ள நகரங்களில் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். பிள்ளைகள் தாங்களாகவே நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போய்வருகிறார்கள். அமெரிக்கப் புறநகர்கள் பலவற்றில் ஒரு பென்சில் வாங்கக்கூட வண்டியை எடுத்தாக வேண்டும். இந்த இரண்டாவது நிலைமையைத்தான் கார் சார்பு என்கிறார்கள்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? வண்டி ஓட்டாதவர்களை எண்ணிப் பாருங்கள். உரிமம் பெறும் வயதை எட்டாத பிள்ளைகள், பார்வை மங்கிய முதியவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கார் வாங்க வசதியில்லாதவர்கள், ஓட்டவே பிடிக்காதவர்கள். எல்லாரையும் கூட்டினால் எந்த ஊரிலும் இது சின்னக் கூட்டம் இல்லை. கார் சார்ந்த நகரத்தில் இவர்களை யாராவது கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. கொண்டுபோய் விடுகிறவரின் நேரமும் சேர்ந்தே போகிறது.

தூரம் எப்படி வளர்ந்தது

நடையின் வேகம் மணிக்குச் சுமார் 5 கி.மீ. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். யாக்கோவ் ஸஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளர் அதற்கு முன்பே சொல்லிவந்த ஒன்றை அவர் விரித்துச் சொன்னார்: எந்த வண்டியில் போனாலும் மக்கள் சராசரியாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைப் பயணத்தில் செலவிடுகிறார்கள். அரை மணி போக, அரை மணி வர. நடந்தே எல்லாம் நடந்த காலத்தில் நகரத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் போகாததற்குக் காரணம் இதுதான் என்பது அவர் கணக்கு. பழைய கோட்டை நகரங்களின் வரைபடத்தைப் பார்த்தால் கணக்கு பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

அப்புறம் டிராமும் ரயிலும் வந்தன. நகரம் தண்டவாளத்தை ஒட்டி விரல்விரலாக நீண்டது. நிறுத்தத்தில் இறங்கியவர் மிச்சத்தை நடந்துதான் போக வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிறுத்தத்தைச் சுற்றியும் வீடும் கடையும் நெருங்கியே இருந்தன. கார் வந்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். வேகம் கூடியதால் மிச்சமான நேரத்தை யாரும் வீட்டில் உட்கார்ந்து அனுபவிக்கவில்லை. இன்னும் தொலைவில் குடிபோனார்கள். கடைகளும் அலுவலகங்களும் அவர்கள் பின்னாலேயே விலகிப் போயின.

சட்டமும் இதற்குத் துணைபோனது. வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், ஆலை ஒரு பக்கம் என்று நிலத்தைப் பிரித்துவைக்கும் விதிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவின. ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் இப்படிப் பிரிப்பது செல்லும் என்று 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைப் புகை வீட்டுக்குள் வரக் கூடாது என்ற நோக்கம் நியாயமானதுதான். ஆனால் அதே விதி தெருமுனைக் கடையையும் தடுத்தது. குடியிருப்புப் பகுதி என்றால் பல இடங்களில் வெறும் தனி வீடுகள் மட்டும், வேறெதுவும் கூடாது.

இதோடு முட்டுச்சந்துகளும் சேர்ந்துகொண்டன. இரண்டு வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன, நடுவில் ஒரு வேலி. வேலியைத் தாண்டினால் முப்பதடி. ஆனால் இந்த வீட்டின் தெரு வடக்கே போய் ஒரு பெரிய சாலையில் சேரும். அந்த வீட்டின் தெரு தெற்கே போய் இன்னொரு பெரிய சாலையில் சேரும். நடுவில் குறுக்குச் சந்து எதுவும் கிடையாது. பின்வீட்டுப் பிள்ளையோடு விளையாட வேண்டுமென்றால் இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும், அதுவும் நடைபாதை இல்லாத சாலையில். அப்பாவோ அம்மாவோ காரில்தான் கொண்டுபோய் விடுவார்கள். வேலியில் ஒரு திட்டிவாசல் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் இது. குறுக்குத் தெருக்கள் நெருக்கமாக உள்ள பழைய நகரப் பகுதிகள் நடக்க வசதியாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நடைபாதையின் கல் எவ்வளவு அழகு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு தடத்தில் எத்தனை பேர்

காரைப் பற்றி வாதிடும்போது பலரும் புகையிலிருந்து தொடங்குவார்கள். நான் இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். புகை இல்லாத கார் வந்துவிட்டது, இடத்தை அடைக்காத கார் இன்னும் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாதுகாப்பாக ஓட்டுவதற்கு முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் குறைந்தது 2 விநாடி இடைவெளி வேண்டும். ஒரு மணி நேரத்தில் 3,600 விநாடிகள். ஆக, ஒரு தடத்தில், அதாவது வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் ஒரு வரிசையில், நிற்காமல் ஓடினால் 1,800 கார்கள். நகரச் சாலையில் சிக்னல் இருக்கும். பாதி நேரம் பச்சை என்று வைத்துக்கொண்டால் 900. ஒரு காரில் சராசரியாக ஒன்றரைப் பேர் என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும் 1,350 பேர். அதே தடத்தைப் பேருந்துக்கு மட்டும் ஒதுக்கி, நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஒவ்வொன்றிலும் 70 பேர் என்றால் 4,200 பேர். அப்போதும் பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தத் தடம் பெரும்பாலும் காலியாகத்தான் தெரியும். 'சும்மா கிடக்கிறதே, எங்களுக்கும் திறந்து விடுங்கள்' என்று பக்கத்துத் தடத்தில் நெரிசலில் நிற்கிறவர் கேட்பது இந்தக் காட்சிப் பிழையால்தான்.

ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் காரும் இதே இடத்தைத்தான் அடைக்கும். ஆளை இறக்கிவிட்டு வெறுமனே சுற்றினால் இன்னும் கூடுதலாக அடைக்கும்.

ஓடும்போது இப்படி என்றால், நிற்கும்போது? ஒரு சாதாரண கார் தன் நேரத்தில் 95 சதவீதத்தை நின்றபடியே கழிக்கிறது. கார் நிற்கும் கட்டம் மட்டும் 12 சதுர மீட்டர் போல வரும். உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர். ஒரு சிறிய அறையைவிடப் பெரிது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டொனால்ட் ஷூப் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரே விஷயத்துக்குக் கொடுத்தார். கடை கட்டினால் இத்தனை கார் நிறுத்த இடம், அலுவலகம் கட்டினால் இத்தனை என்று கட்டட விதிகள் கட்டாயப்படுத்துவதைத்தான் அவர் குறிவைத்தார். அந்த விதி செய்யும் வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டடத்தையும் சுற்றி ஒரு தார்த்திடல். அதனால் கட்டடங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. விலகியதால் நடக்க முடியவில்லை. நடக்க முடியாததால் காரில் வருகிறார்கள். காரில் வருவதால் இன்னும் கொஞ்சம் பார்க்கிங் வேண்டும். 'இலவச பார்க்கிங்' என்ற பலகை தொங்கும் இடத்தில் நிலத்தின் விலை யார் தலையிலாவது விழுகிறது. கடைக்கு நடந்து வந்தவரும் பொருளின் விலையோடு சேர்த்து அதைக் கட்டிவிட்டுத்தான் போகிறார்.

ஜப்பான் தலைகீழாகச் செய்தது. சாலைக்கு வெளியே கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்டினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும் என்று 1962இல் அங்கே சட்டம் வந்தது. டோக்கியோவின் ஒடுங்கிய தெருக்களில் வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்க்க முடியாததற்கு இது முக்கியக் காரணம். அமெரிக்காவின் பஃபலோ நகரமும் மெக்சிகோ சிட்டியும் 2017இல் தங்கள் கட்டாய பார்க்கிங் விதிகளை நீக்கின.

அகலப்படுத்தினால் தீருமா?

தீராது. குறைந்தபட்சம், வளரும் நகரத்தில் நீண்ட காலத்துக்குத் தீராது.

நெரிசல் என்பது சாலை கேட்கும் ஒருவகைக் கட்டணம், நேரத்தில் செலுத்துகிறோம். அந்தக் கட்டணம் பிடிக்காமல் பலர் விலகியிருக்கிறார்கள்: சிலர் விடியற்காலையிலேயே கிளம்புகிறார்கள், சிலர் ரயிலில் போகிறார்கள், சிலர் அந்தப் பயணத்தையே தவிர்க்கிறார்கள். சாலையை அகலப்படுத்திய மறுநாள் பயணம் சுகமாகத்தான் இருக்கும். செய்தி பரவும். விலகியிருந்தவர்கள் எல்லாரும் திரும்புவார்கள். கொஞ்ச காலத்தில் தொலைவில் மனை போட்டு விற்பவர்களும் வந்துவிடுவார்கள். மறுபடி பழைய நிலைமை, ஆனால் கூடுதல் வண்டிகளோடு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் இதை 1962இலேயே எழுதிவிட்டார். தூண்டப்பட்ட தேவை என்பது இதற்குத் துறைக்குள் வழங்கும் பெயர்.

எல்லாரும் காட்டும் உதாரணம் டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரின் கேட்டி ஃப்ரீவே என்ற விரைவுச்சாலை. விரிவாக்கம் 2008இல் முடிந்தது. பக்கச் சாலைகளையும் சேர்த்தால் மிக அகலமான இடத்தில் 26 தடங்கள். சில ஆண்டுகளுக்குள்ளேயே காலை, மாலை நெரிசல் நேரப் பயணம் மறுபடி நீண்டுவிட்டது.

இதன் மறுபக்கம்தான் இன்னும் சுவாரசியம். வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் போல, ஒரு பக்கம் அடைத்தால் வண்டிகள் மறுபக்கம் வழியும் என்றுதான் நமக்குத் தோன்றும். தண்ணீருக்குப் பயணத்தைத் தள்ளிப்போடத் தெரியாது, மனிதர்களுக்குத் தெரியும். சியோல் நகரின் நடுவே ஓடிய சோங்க்யேச்சோன் ஓடையை மூடி, அதன்மேல் விரைவுப் பாலம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். தினமும் லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் போய்வந்த தடம் அது. 2003இல் பாலத்தை இடிக்கத் தொடங்கி 2005இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். நகரம் முடங்கிவிடும் என்ற பயம் பலிக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்: இடையில், 2004இல், சியோல் தன் பேருந்து வழித்தடங்களையும் கட்டண முறையையும் அடியோடு மாற்றி அமைத்து, பெரிய சாலைகளின் நடுவே பேருந்துக்குத் தனித்தடம் போட்டது. பாலத்தை மட்டும் இடித்துவிட்டு வேறெதுவும் செய்யாத நகரத்துக்கு அதே பலன் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நடப்பவரின் கண்ணில் ஒரு சந்திப்பு

ஆறு தடச் சாலை ஒன்றைக் கடக்க வேண்டும். ஒரு தடம் மூன்றரை மீட்டர் என்றால் மொத்தம் 21 மீட்டர். சிக்னல் நேரம் கணிக்கும் பொறியாளர்கள் பொதுவாக விநாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக்கொள்வார்கள். 18 விநாடி போதும் என்று வரும். முட்டி வலியோடு பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒருவர் விநாடிக்கு 0.8 மீட்டர்தான் போவார். அவருக்கு 26 விநாடிக்குச் சற்று மேல் வேண்டும். 18ஆவது விநாடியில் அவர் ஐந்தாவது தடத்தில் நிற்கிறார், விளக்கு மாறிவிட்டது. இதோடு சாலை முனையைப் பாருங்கள். அகலமாக வளைத்துக் கட்டிய முனை என்றால் திரும்பும் கார் வேகத்தைக் குறைக்க வேண்டியதே இல்லை. முனையின் வளைவைச் சற்றுக் குறுக்கி, நடுவில் நின்று மூச்சுவிட ஒரு சிறு மேடையும் வைத்தால் அதே மனிதர் பதறாமல் கடப்பார். செலவு கொஞ்சம் கான்கிரீட்டும் பெயிண்டும்தான்.

இதற்கு மாற்றாகப் பலரும் கட்டுவது நடைமேம்பாலம். வண்டிகள் சமதளத்தில் நிற்காமல் ஓட, நடப்பவர் ஐந்தாறு மீட்டர் ஏறி இறங்க வேண்டும். இன்ஜின் உள்ளவர்களுக்குச் சமதளம், முட்டி வலி உள்ளவர்களுக்குப் படிக்கட்டு. யார் யோசித்த நியாயமோ!

வேகம்தான் உயிருக்கு உலை வைக்கிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் காரைவிட 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் மோதும்போது அதன் ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் உயிரிழக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் இதுதான்.

நெதர்லாந்து என்றாலே சைக்கிள் என்று நினைக்கிறோம். 1971இல் அந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே இயக்கம் தொடங்கிப் பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. க்ரோனிங்கன் நகரம் 1977இல் தன் மையப் பகுதியை நான்கு கூறுகளாகப் பிரித்தது. நடப்பவரும் சைக்கிளும் ஒரு கூறிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகலாம். கார் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். காருக்குத் தடை கிடையாது, குறுக்கு வழிதான் கிடையாது. குறுகிய தூரத்துக்குக் கார் எடுப்பது அலுப்பான காரியம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

தெருவில் ஓடும் வண்டிகள் அக்கம்பக்கத்து உறவையும் தின்கின்றன. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற பேராசிரியர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளைக்கு 2,000 வண்டிகள் ஓடிய தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். 16,000 வண்டிகள் ஓடிய தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9.

பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று?

பொதுப் போக்குவரத்தின் தரத்தை ஒரே கேள்வியில் அளக்கச் சொன்னால் இதைத்தான் கேட்பேன். ஏசி இருக்கிறதா, செயலி இருக்கிறதா, வண்டிக்கு என்ன நிறம் என்பதெல்லாம் இருக்கட்டும். 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து வந்தால் நேரம் பார்க்காமல் கிளம்பலாம். சராசரியாக 5 நிமிடம் நிற்போம். அரை மணிக்கு ஒன்று என்றால் நம் நாளை அதற்கேற்ப வளைக்க வேண்டும். இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தால் காத்திருப்பும் இரண்டு முறை. ஒன்று தவறினால் அரை மணி காலி. ஒருமுறை அப்படி நேர்ந்தவர் அடுத்த மாதமே சொந்த வண்டிக்குக் கடன் விசாரிப்பார்.

இதில் ஒரு விஷச் சுழல் உண்டு. ஆள் குறைகிறது என்று சேவையைக் குறைப்பார்கள். குறைத்ததால் காத்திருப்பு நீளும். நீண்டதால் இன்னும் ஆள் குறையும். 'பார்த்தீர்களா, யாரும் பேருந்தில் ஏறுவதில்லை' என்று மறுபடி குறைப்பார்கள்.

புதுப் பேருந்து வாங்காமலே சேவையைக் கூட்ட ஒரு வழி இருக்கிறது. ஒரு வழித்தடத்தில் போய்வர 120 நிமிடம் ஆகிறது, 12 பேருந்துகள் ஓடுகின்றன. 10 நிமிடத்துக்கு ஒன்று வரும். தனித்தடம் போட்டு நெரிசலிலிருந்து விடுவித்தால் போய்வர 90 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 12 பேருந்து, அதே ஓட்டுநர்கள், இப்போது ஏழரை நிமிடத்துக்கு ஒன்று. நெரிசலில் சிக்காததால் மூன்று பேருந்துகள் மொத்தமாகச் சேர்ந்து வருவதும் குறையும். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974இலேயே இப்படித் தனித்தடப் பேருந்தை ஓட்டத் தொடங்கியது. கொலம்பியாவின் போகோட்டா 2000இல் அதைப் பெரிய அளவில் செய்தது. மெட்ரோவுக்கு நான் எதிரி இல்லை, பெரும் கூட்டம் உள்ள தடத்தில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் மெட்ரோவுக்கு ரிப்பன் வெட்ட வருகிறவர்கள், நிலையத்திலிருந்து வீடு வரை உள்ள உடைந்த நடைபாதையை எட்டிப் பார்ப்பதில்லை. எந்தப் பேருந்துப் பயணமும் ரயில் பயணமும் இரண்டு முனையிலும் நடையில்தான் தொடங்கி முடிகிறது.

ஆள் குறைவான ஊர்களில் 10 நிமிடத்துக்கு ஒன்று விடுவது கட்டாது. அங்கே நேரம் தப்பாமல் இணைப்பதுதான் வழி. சுவிட்சர்லாந்து 1982இல் ரயில்களை நாடு முழுவதும் மணிக்கு மணி அதே நிமிடத்தில் வரும்படி அமைத்தது. முக்கிய நிலையங்களில் ரயில்களும் பேருந்துகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து, ஆட்களை மாற்றிக்கொண்டு கிளம்புகின்றன. நினைவில் வைத்துக்கொள்ளவும் எளிது.

எதிர்க்கேள்விகள்

நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஆம்புலன்ஸ்? தச்சர், பிளம்பர் கருவிகளோடு எப்படிப் போவார்? இவர்களுக்கு வண்டி வேண்டும், யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. வேறு வழி உள்ளவர்கள் சாலையைவிட்டு இறங்கினால் முதலில் பயனடைவது இவர்கள்தான். சக்கர நாற்காலியில் போகிறவருக்கும் சமதள நடைபாதையும் தாழ்தளப் பேருந்தும்தான் தனியாக வெளியே போகும் வழி. கிராமங்களில் கார் தேவைப்படும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

நெரிசல் கட்டணம் பற்றிய கோபம் வேறு மாதிரி. சிங்கப்பூர் 1975இலும் லண்டன் 2003இலும் நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் வைத்தன. ஸ்டாக்ஹோம் 2006இல் சோதனையாகத் தொடங்கியபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. மையத்துக்குள் வந்துபோகும் வண்டிகள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. மக்கள் கண்ணால் பார்த்த பிறகு அந்த ஆண்டே நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகள் அதை ஆதரித்தார்கள். பேருந்து சரியில்லாத ஊரில் கட்டணத்தை முதலில் கொண்டுவந்தால் அது வெறும் தண்டம்தான். ஸ்டாக்ஹோம் கூடுதல் பேருந்துகளை முன்கூட்டியே இறக்கிவிட்டுத்தான் தொடங்கியது.

எனக்கு உண்மையிலேயே கனமாகத் தெரியும் கேள்வி வாடகை. நடக்க வசதியான பகுதி என்றாலே வீட்டு விலை ஏறிவிடுகிறது. கார் வாங்க முடியாதவர்களே அங்கிருந்து வெளியேற வேண்டியதாகிறது. அப்படிப்பட்ட பகுதிகள் ஊருக்கு ஒன்றிரண்டாக இருக்கும்வரை இது நடக்கத்தான் செய்யும். ரயில் நிலையத்தைச் சுற்றிப் பல மாடி வீடுகள் கட்ட அனுமதி மறுத்துக்கொண்டு, விலை ஏறுகிறதே என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

இதில் சில வேலைகள் வேகமாக நடக்கும். பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017 ஏப்ரலில் க்ரோனிங்கன் பாணியில் மையத்தைப் பிரித்தபோது, வேலையின் பெரும்பகுதி பூந்தொட்டிகள், கான்கிரீட் கட்டைகள், பெயிண்ட், பெயர்ப்பலகைகள் இவ்வளவுதான். பேருந்துத் தடத்தைக் கோடு போட்டுப் பிரிக்கச் சில மாதம் போதும். ஆனால் பள்ளியையும் மருத்துவமனையையும் நிலம் மலிவு என்று ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாகக் கட்டிவிட்டால், அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு எந்தப் பெயிண்டாலும் அவற்றைப் பக்கத்தில் கொண்டுவர முடியாது.